எண்ணை நம்பும் முன் வளைவைப் பாருங்கள்!

கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கோலாலம்பூருக்கு வகுப்புக்குப் போகும் நாள்களில், பிரிக்பீல்ட்ஸில் இறங்கி அரைவேக்காட்டு முட்டை சாப்பிடுவது என் வழக்கம். என் ஆய்வுக்கூடப் பாடம் அந்த முட்டையிலேயே இருக்கிறது.

முட்டையின் வெள்ளைக் கருவில் பல புரதங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வடிவில் மடிந்த நூல் போன்றது. சூடு ஏறினால் அந்த மடிப்பு குலையும். ஓவோடிரான்ஸ்பெரின் என்ற புரதம் சுமார் 61 பாகை செல்சியஸிலேயே குலையத் தொடங்கும். ஓவல்புமின் ஏறக்குறைய 80 வரை தாங்கும். அதனால்தான் அரைவேக்காட்டு முட்டை முழுதாக இறுகுவதில்லை.

புரதத்தில் பாதி குலையும் வெப்பநிலையை உருகுநிலை என்கிறோம். மடிந்த புரதத்தோடு ஒரு மருந்து இணைந்தால், பெரும்பாலும் உருகுநிலை உயரும். மருந்து தேடுவோருக்கு அது ஒரு தடயம்.

இதை அளக்க, 96 குழிகள் கொண்ட தட்டில் புரதத்தையும் சாயத்தையும் இட்டு மெல்லச் சூடாக்குவோம். புரதம் விரிய விரியச் சாயம் ஒளிரும். மென்பொருள் அந்த ஒளியை வளைவாக வரைந்து, உருகுநிலையை எண்ணாகத் தரும்.

கடந்த பருவத்தில் ஒரு வேதிப்பொருள் உருகுநிலையை 4 பாகை உயர்த்தியதாக மென்பொருள் காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "மருந்து கண்டுபிடிச்சிட்டியா?" என்று அம்மா கேட்டார்.

மறுநாள் என் மேற்பார்வையாளர் எண்ணைப் பார்க்கவில்லை. வளைவுகளைக் காட்டச் சொன்னார். மூன்று குழிகளில் இரண்டில் மாற்றமே இல்லை. மூன்றாவதின் வளைவு மட்டும் தாறுமாறாக இருந்தது. குழியில் காற்றுக்குமிழி! நான் சராசரியை மட்டுமே பார்த்திருந்தேன். மீண்டும் செய்தபோது உயர்வு அரை பாகைகூட இல்லை.

ஓர் எண் தவறினால் என்ன என்று கேட்கலாம். அந்த எண் அதோடு நிற்பதில்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மைக்கேல் குரோமிகா, ஜப்பானில் சக ஆய்வாளர்களுடன் உருவாக்கிய 'புரோதெர்ம்' தரவுத்தளம் 1999இல் வெளிவந்தது. உலக ஆய்வுக்கூடங்கள் அளந்து வெளியிட்ட புரத நிலைத்தன்மை அளவுகளை அது திரட்டியது. இன்று அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். 2021இல் வெளியான அதன் புதுப்பதிப்பில் சுமார் 31,500 அளவுகள் உள்ளன. இத்தகைய அளவுகளைக் கொண்டுதான் கணினிகள் புரதத்தின் போக்கைக் கணிக்கப் பழகுகின்றன. என் குமிழி அங்கே போயிருந்தால், யாரோ ஒருவரின் கணிப்பு அதை நம்பியிருக்கும்.

உயிரியல் படிக்க விரும்பும் தம்பி தங்கைகளே, இந்த மென்பொருள்கள் எட்டாக்கனி அல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தின் 'இ.எஸ்.பி.சி.' கருவிகளைக் கல்விக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உருகுநிலைக்கும் இணைப்பு வலிமைக்கும் அதில் தனித்தனிக் கருவிகள் உண்டு.

தரவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் மென்பொருள் ஓர் எண்ணைத் தந்துவிடும். அதை ஏற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்தான். இப்போது நான் முதலில் வளைவுகளைப் பார்க்கிறேன். அம்மாவிடம் பிறகுதான் சொல்கிறேன்.