நெடுவழிச் சக்கரம் – 9: பலூன், புல்லட், பஞ்சர்

போன வாரம், கியர் வலது காலிலிருந்து இடது காலுக்கு இடம் மாறிய கதை. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம், வேகமானியின் முள் ஆடிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட வட்டத் திரையைப் பற்றிப் பேசுவதாக வாக்கு. வாக்கு அப்படியே இருக்கிறது. நடுவில் ஓர் ஆணி குறுக்கே வந்துவிட்டது.

அமாவாசை இரவுகளில் செஞ்சியிலிருந்து வளத்தி வழியாக மேல்மலையனூர் போகும் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவை ஒட்டி நடக்கும். சிறப்புப் பேருந்துகள், வேன்கள், டிராக்டர்கள், அவற்றுக்கு நடுவே ஆயிரக்கணக்கான இருசக்கர வண்டிகள். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் டேங்க் மேல் இன்னொரு பிள்ளை என்று வரும் நூறு சிசி வண்டிகள்தான் அதிகம். அவற்றோடு இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பெட்டி, தலைக்கு மேல் நிற்கும் கண்ணாடித் தடுப்பு, முழங்காலில் கவசம். இவர்களை இழுப்பது செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த ஒரே இடம் செஞ்சி. சென்னையிலிருந்து திண்டிவனம் வந்து மேற்கே திரும்பினால் முப்பது கிலோமீட்டருக்குள் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்துவிடும். விடிகாலையில் கிளம்பி, மலை ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ரைடர்களுக்கு இது செல்லமான ஊர்.

இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான ஒரு நிறுத்தம் உண்டு. கம்பத்தில் தேய்ந்த டயர் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் நடுவில் ஒரு பல்பை எரியவிட்டிருக்கும் கடை. பெயர்ப்பலகை தேவையில்லை. அந்த டயர்தான் பலகை.

அந்தக் கடையில் முதல் கேள்வி வண்டி எத்தனை சிசி என்பதல்ல. எத்தனை ரைடு மோட், திரை எத்தனை அங்குலம் என்பதும் அல்ல. “டியூபா, டியூப்லெஸ்ஸா?” அவ்வளவுதான். டியூப்லெஸ் என்றால் வீலைக் கழற்ற வேண்டாம். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அரத்தால் ஒரு சுற்றுச் சுற்றி, பிசின் தடவிய ரப்பர்த் திரியைத் திணித்து, வெளியே நீட்டும் வாலை அறுத்துவிட்டால் வேலை முடிந்தது. வாங்கிய டீ ஆறுவதற்குள் கிளம்பிவிடலாம். டியூப் என்றால் கதை வேறு. ஆக்ஸிலைக் கழற்ற வேண்டும், செயினை இறக்க வேண்டும், லிவர் போட்டு டயரை நெம்ப வேண்டும், டியூபை உருவித் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். அதையெல்லாம் செய்து ஒட்டுப் போட்டு மாட்டிய பிறகு, லிவர் கிள்ளி இன்னொரு ஓட்டை விழுந்திருக்கக் கூடாது என்று அங்காளம்மனை வேண்டிக்கொள்ள வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகள் பல டியூப்லெஸ்ஸுக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. மூன்று லட்ச ரூபாயை நெருங்கிய நெடும்பயண வண்டிதான் டியூபோடு நின்றது. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 வண்டி 2023 நவம்பரில் வந்தது. 452 சிசி, 40 குதிரைத்திறன், தண்ணீரால் குளிரும் எஞ்சின், கூகுள் வரைபடத்தை அப்படியே காட்டும் நாலு அங்குல வட்டத் திரை. இத்தனையும் இருந்தும் சக்கரத்துக்குள் தாத்தா காலத்து டியூப். திரையைப் பற்றி ரைடர்கள் எவ்வளவு பேசினார்களோ, அதே அளவு இந்த டியூபைப் பற்றியும் பேசினார்கள். டியூப்லெஸ் ஸ்போக்ஸ் வீல் கூடுதல் காசுக்குக் கிடைக்க அடுத்த ஆண்டு ஆனது.

ஸ்போக்ஸ் வீலுக்கும் டியூபுக்கும் அப்படி என்ன ஒட்டு உறவு? கம்பிகள் ரிம்மின் நடுப்பள்ளத்தில் துளை போட்டு மாட்டப்பட்டிருக்கும். முப்பத்தாறு கம்பி என்றால் முப்பத்தாறு துளை. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நேரடியாகக் காற்றை அடைத்தால் அத்தனை துளை வழியாகவும் அது கசிந்துவிடும். அதனால்தான் உள்ளே தனியாக ஒரு ரப்பர்ப் பை. அலாய் வீலில் துளை கிடையாது, டியூபும் வேண்டாம். அப்படியானால் எல்லா வண்டிக்கும் அலாயே போட்டுவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் ரைடர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்.

கம்பிக் கட்சி சொல்வது இது. பள்ளத்தில் இறங்கினால் கம்பி வளைந்து கொடுக்கும். வளைந்தால் எந்த ஊரிலும் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். அலாய் அடி வாங்கினால் விரிசல் விடும். விரிசல் விட்ட வீலை வைத்துக்கொண்டு அவலூர்பேட்டைச் சாலையில் நிற்பவனுக்குச் சென்னையிலிருந்துதான் புது வீல் வர வேண்டும். அலாய்க் கட்சி சொல்வதும் லேசுப்பட்டதல்ல. வருஷத்தில் ஒருமுறைகூட வீல் நெளிவதில்லை, ஆனால் சீமைக்கருவேல முள் மாதம் ஒருமுறை ஏறுகிறது. எதற்குப் பயப்படுவது புத்திசாலித்தனம்? டியூபில் முள் ஏறினால் காற்று ஒரேயடியாக இறங்கி வண்டி ஆட்டம் காணும். டியூப்லெஸ்ஸில் குத்திய ஆணியே அடைப்பானாக நின்றுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காற்றை விடும். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைவரை உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

இரண்டு கட்சிக்கும் பஞ்சாயத்து செய்து வைத்தது ஜெர்மனி. 1987இல் பிஎம்டபிள்யூ தன் ஆர் 100 ஜிஎஸ் வண்டியில் கம்பிகளை ரிம்மின் நடுவிலிருந்து நகர்த்தி இரண்டு ஓரங்களுக்குக் கொண்டுபோனது. துளைகள் எல்லாம் டயருக்கு வெளியே போய்விட்டன. கம்பியும் இருக்கிறது, காற்றும் நிற்கிறது. இவ்வளவு எளிய யோசனைக்கு ஏன் அத்தனை காலம் ஆனது என்று கேட்கத் தோன்றும். செய்வது எளிதல்ல, மலிவும் அல்ல என்பதுதான் பதில். அதே கம்பெனிக்காக நம் ஓசூரில் டிவிஎஸ் செய்து கொடுத்த ஜி 310 ஜிஎஸ் 2018இல் வந்தபோது, அதில் இருந்தது அலாய்தான். அதே ஆண்டு கம்பி வீலும் டியூபுமாக வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வண்டிக்கு, ரைடர்கள் விடாமல் கேட்டும், கம்பெனியே அலாய் கொடுக்க 2023 ஆகிவிட்டது. வாங்கியவர்களில் சிலர் அதுவரை காத்திருக்கவில்லை. வெளியே வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

சரி, டயர், டியூப் என்று துருவிக்கொண்டே போனதில் இந்த வாரத்தையே விழுங்கிவிட்ட விஷயம் ஒன்று அகப்பட்டது. இடம், திருவொற்றியூர்.

கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்றொரு இளைஞர். அப்பா, மலையாள மனோரமா ஆசிரியர் கே. சி. மாம்மன் மாப்பிள்ளை. 1938இல் திருவிதாங்கூர் அரசோடு மோதியதில் குடும்பத்தின் வங்கி மூடப்பட்டது, பத்திரிகைக்கும் பூட்டு விழுந்தது, அப்பா சிறைக்குப் போனார். மகன் அப்போது சென்னையில் கிறித்தவக் கல்லூரி மாணவர். வசதியான வீட்டுப் பிள்ளை ஒரே வருஷத்தில் ஒன்றுமில்லாதவரானார். 1946இல் அவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு ஒரு பொருளைச் செய்யத் தொடங்கினார்.

பலூன்.

திருவிழாவில் பிள்ளைகள் அழுது வாங்கும் அதே பலூன்தான். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. செய்ததைப் பையில் போட்டுக்கொண்டு அவரே கடை கடையாக ஏறி இறங்கி விற்றார். 1952இல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரப்பருக்கு, அதாவது ரீட்ரெடிங் சரக்குக்கு மாறினார். அறுபதுகளில் டயர். மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என்ற பெயரின் மூன்று எழுத்துச் சுருக்கம் இன்றைக்குக் கிரிக்கெட் மட்டைகளிலும் தெரியும். 2023 ஜூனில் அதன் பங்கு ஒன்று ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பங்குச்சந்தையில் அந்தக் கோட்டைத் தொட்ட முதல் பங்கு அது.

இதில் மகிழ ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் அடுத்ததைக் கேட்கட்டும். எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட் கேட்டதால், இங்கிலாந்தின் ரெடிச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலை கட்டிய ஊர்? அதே திருவொற்றியூர். 1956 முடிவதற்குள் அங்கிருந்து 163 புல்லட்கள் வெளியே வந்தன. ஒரு பக்கம் வண்டி, இன்னொரு பக்கம் ரப்பர். பட்டினத்தார் சமாதியும் தியாகராசர் கோயிலும் உள்ள ஊரில், கடற்கரையை ஒட்டி, தமிழ்நாட்டு நெடும்பயண வண்டியின் இரண்டு பாதிகளும் பத்து வருஷ இடைவெளிக்குள் பிறந்திருக்கின்றன. பலூனும் டியூபும் ஒரே சாதிதானே! உள்ளே காற்று, வெளியே ரப்பர், குத்தினால் இரண்டுக்கும் ஒரே கதி. ரெடிச்சில் கடை மூடியான பிறகு, 1977 முதல் திருவொற்றியூர்ப் புல்லட்டே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது தனிக்கதை. அதற்குள் இறங்கினால் இன்னும் இரண்டு வாரம் போய்விடும்.

மறுபடியும் பல்பு எரியும் கடைக்கு வருவோம். ஹிமாலயன் பின்சக்கரத்தில் ஆணி. பழைய 411 வண்டியென்றால் சென்டர் ஸ்டாண்ட் கம்பெனியே கொடுத்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தி வீலைக் கழற்றலாம். 450 வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்ட் தனிக்காசு. வாங்காதவர் வண்டியைச் சாய்த்து, ஜாக்கி கொடுத்து, இரண்டு செங்கல்லை அடியில் வைத்து, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்ல வேண்டும். 196 கிலோ. வடிவமைத்தவர்கள் எடையைக் குறைக்கத்தான் ஸ்டாண்டை எடுத்திருப்பார்கள் என்று வாதாடும் ரைடர்களும் இருக்கிறார்கள். பஞ்சர் ஆகாதவரை அந்த வாதம் நன்றாகத்தான் ஓடுகிறது.

கவனித்துப் பார்த்தால், நவீன வண்டியைப் பற்றி நெடும்பயண ரைடர்கள் சொல்லும் குறைகளில் பாதி இந்த ஒரே நூலில் கோத்தவை. கிக்கர் எங்கே போனது என்று கேட்கிறார்கள். பேட்டரி இறங்கினால் தள்ளியா ஸ்டார்ட் செய்வது என்கிறார்கள். கார்புரேட்டராக இருந்தால் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து, ஜெட்டை ஊதி மாட்டிவிடுவேன், இன்ஜெக்‌ஷனில் எதை ஊதுவது என்று வளத்தி மெக்கானிக் கையை விரிப்பார் என்கிறார்கள். இதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். இதே ஆட்கள் டியூப்லெஸ்ஸை வேண்டாம் என்று சொன்னதில்லை. கேட்டு வாங்கியவர்களே இவர்கள்தான். புதுசோ பழசோ, நின்ற இடத்தில் நாலு கருவியோடு சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் இவர்கள் பார்க்கும் கணக்கு. டியூப்லெஸ் அந்தப் பரீட்சையில் தேறிய புதுமை. ஏபிஎஸ் பாதி தேறியது. திரை இன்னும் விடைத்தாளையே கொடுக்கவில்லை.

டியூப்லெஸ் கம்பி வீல் மாட்டியவர்களிலும் உஷாரானவர்கள் பெட்டிக்குள் ஒரு டியூபை மடித்து வைத்திருக்கிறார்கள். கல்லில் மோதி ரிம்மின் உதடு நெளிந்தால் டியூப்லெஸ் காற்றைப் பிடிக்காது. அப்போது உள்ளே டியூபைப் போட்டு ஊர்வந்து சேர்ந்துவிடலாம். பிஎம்டபிள்யூ 1987இல் விரட்டியதை இவர்கள் துணிமூட்டைக்கு நடுவில் ஒளித்துவைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

மேல்மலையனூரில் புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்புபவர்களைப் பார்க்கலாம். அண்மையில் அப்படிப் புறப்பட்ட ஒரு வண்டியின் வட்டத் திரையிலும் குங்குமப் பொட்டு. வழி காட்டும் அம்பு சரியாக அந்தப் பொட்டுக்கு அடியில் மறைந்திருந்தது. வண்டிக்காரர் அதைத் துடைக்கவில்லை. வளத்திக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தேங்காய்க் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு போனார். அந்தத் திரையும், அதற்கு வழி சொல்லிச் சொல்லிச் சட்டைப்பையில் சூடாகும் போனும், சரளைக்கல் இறக்கத்தில் ஏபிஎஸ்ஸை அணைக்கலாமா என்ற சண்டையும் அடுத்த வாரம்.

(தொடரும்)