எல்.இ.டி. பல்பின் ஆயுளைத் தீர்மானிக்கும் வெப்பம்

புது தில்லி: மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. 2014-ல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை, 2016-ல் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

விலை பேசப்பட்ட அளவுக்கு வெப்பம் பேசப்படவில்லை. குண்டு பல்பு தனது வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிர்வீச்சாக வெளியேற்றிவிடும். எல்.இ.டி.யில் ஒளியாக மாறாத மின்சாரம், சில்லின் அடியில் வெப்பமாகத் தேங்குகிறது. அதை உலோகம் கடத்திக் காற்றில் விடாவிட்டால் ஒளி மங்கும். உள்ளிருக்கும் மின்சுற்றும் விரைவில் பழுதாகும்.

வீட்டுக்கான 9 வாட் பல்புக்கு அலுமினிய உறையே போதும். ஒளி மிகுந்த பல்புகளுக்கு அந்த உறை பெரிதாகவும் கனமாகவும் அமைய வேண்டும். இதற்கு மாற்றாக வந்ததே காற்றைச் செலுத்திக் குளிர்விக்கும் முறை. அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம், 100 வாட் குண்டு பல்புக்கு ஈடான 27 வாட் எல்.இ.டி. பல்பை இம்முறையில் உருவாக்கி 2012-ல் அறிவித்தது. அதில் சுழலும் விசிறி இல்லை; அதிரும் மெல்லிய தகடுகள் காற்றை உள்ளிழுத்துப் பீய்ச்சுகின்றன.

வட மாநிலங்களின் கோடை வெப்பம் 45 டிகிரியைத் தொடும், புழுதியும் அதிகம். விசிறி நின்றுபோனால் பல்பும் நெடுநாள் நிலைக்காது. எனவே தெருவிளக்குகளுக்கு அசையும் பாகமற்ற அலுமினியமே நம்பகமானது. ஆனால், குறைந்த விலைக்கே டெண்டர் என்றால் முதலில் மெலியக்கூடியதும் அந்த அலுமினியமே. கொள்முதலில் விலைக்குத் தரப்படும் முக்கியத்துவம், கோடை வெப்பத்தில் நடத்தப்படும் ஆயுள் சோதனைக்கும் தரப்பட வேண்டும். பல்பு பாதியில் பழுதானால், சேமிப்புக் கணக்கும் பாதியில் நின்றுவிடும்.