பொருள் முன்னே, ஆள் பின்னே

கம்பளி நூல் பின்னுபவர்களுக்கு ஒரு தளம், படித்த புத்தகங்களைக் குறித்து வைப்பவர்களுக்கு ஒன்று, மருத்துவர்களுக்கு மட்டும் ஒன்று, பறவை பார்ப்பவர்களுக்கு ஒன்று என, ஒரே விருப்பத்தையோ ஒரே தொழிலையோ சார்ந்து இயங்கும் சமூக வலைத்தளங்கள் இணையத்தில் நிறைய உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் அளவுக்கு இவற்றின் பெயர் வெளியே அடிபடுவதில்லை. அடிபட வேண்டிய அவசியமும் இல்லை; சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

பொது வலைத்தளத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு ஆள்கணக்கு மட்டுமல்ல. ஃபேஸ்புக்கில் முதலில் வருவது ஆள். யார் யாருக்கு நண்பர் என்பதைச் சுற்றியே மற்றதெல்லாம் நடக்கிறது. துறைசார் தளத்தில் முதலில் வருவது பொருள். அது ஒரு புத்தகமாக இருக்கலாம், நூல்கண்டாக இருக்கலாம், பறவையாகவோ நோயாகவோகூட இருக்கலாம். அதே பொருளைப் பதிவு செய்தவர் என்ற முறையில்தான் மற்றொருவர் அங்கே அறிமுகமாகிறார். 2005-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டிம் ஸ்பால்டிங் தொடங்கிய லைப்ரரிதிங், வீட்டுப் புத்தகங்களுக்கு நூலக முறையில் பட்டியல் போட்டுக்கொள்ளும் கருவியாகத்தான் வந்தது. பட்டியல்கள் சேர்ந்த பிறகுதான், தன்னிடம் உள்ள அரிய நூல் வேறு யாரிடம் இருக்கிறது என்று தேடும் பழக்கமும் அதையொட்டிய பேச்சும் பிறந்தன. நண்பர் ஒருவர்கூட இல்லாதவருக்கும் அந்தத் தளம் முதல் நாளிலேயே பயன்பட்டது. ஆள் இல்லாததால் ஆள் வராமல் போவது புதிய வலைத்தளங்களின் தீராத தலைவலி. அதை இவை பெரும்பாலும் இப்படித்தான் தாண்டின.

பின்னல்காரர்களின் ராவெல்ரி இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. அமெரிக்கத் தம்பதியர் 2007-ல் தொடங்கியது அது. ஸ்வெட்டர் பின்னி முடித்தவர் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவதில்லை. எந்த மாதிரியைப் பார்த்துப் பின்னினார், எந்த நிறுவனத்தின் நூல், எத்தனை கஜம் செலவானது, ஊசி எத்தனை மில்லிமீட்டர், மாதிரியில் எதை மாற்றினார் என்று எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்புகிறார். இப்படிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பதிவுகளைத் தலைகீழாகவும் தேடலாம். வீட்டில் 400 கஜம் நூல் மிச்சம் இருக்கிறது, இதில் என்ன பின்னலாம் என்று கேட்டால், அந்த அளவுக்குள் அடங்கும் மாதிரிகள் வரிசையாக வந்து நிற்கும். பொது வலைத்தளத்தில் எத்தனை லட்சம் படங்கள் குவிந்தாலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது.

வருமானமும் அந்த உலகத்துக்குள்ளிருந்தே வருகிறது. நூல் விற்பவர்களின் விளம்பரமும், மாதிரிகள் விற்கும்போது கிடைக்கும் சிறு கட்டணமும் முக்கியமானவை. அதே சமயம், ஒரு தொழில் முழுவதும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டால் வேறு போக்கிடம் இருக்காது. 2020-ல் ராவெல்ரி தன் பக்கங்களின் தோற்றத்தை மாற்றியபோது, புதிய வடிவம் தலைவலியையும் வலிப்பையும் உண்டாக்குகிறது என்று உறுப்பினர்கள் பலர் புகார் செய்தனர். மாதிரி விற்றுப் பிழைப்பவர்களுக்கோ, வாடிக்கையாளர்கள் இருக்கும் இடத்தை விட்டு எளிதில் நகர முடியவில்லை.

பதிவு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது வெளியுலகுக்கும் பயன்படும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் இதற்குத் தக்க சான்று. பறவை பார்க்கப் போனவர் எத்தனை மணிக்குத் தொடங்கினார், எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம் நடந்தார், எந்தப் பறவை எத்தனை என்று பட்டியல் அனுப்புகிறார். கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்தாயிற்றா? ஆம் என்றால், பட்டியலில் இல்லாத பறவை அந்த நேரத்தில் அவர் கண்ணிலோ காதிலோ படவில்லை என்று தெரிகிறது. காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதும் பட்டியல் ஆய்வுக்கு அரைகுறையாகத்தான் உதவும்.

தமிழ்நாட்டுக் குளம் ஒன்றில் ஜூன் மாதத்தில் ஊசிவால் வாத்தைப் பார்த்ததாக ஒருவர் பதிவிட்டால், அது குளிர்கால விருந்தாளி என்பதால் கணினி உடனே எச்சரிக்கும். அந்தப் பகுதிப் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர், படம் இருக்கிறதா, என்ன அடையாளத்தை வைத்து முடிவு செய்தீர்கள் என்று எழுதிக் கேட்பார். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தப் பதிவு பார்த்தவரின் சொந்தப் பட்டியலில் இருக்கும், பொதுக் கணக்கில் சேராது. விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் வலைத்தளங்களில் இத்தனை கண்டிப்பை நினைத்தே பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பின் பட்டியல்களும் இ-பேர்டுக்கே போகின்றன. சுமார் 30,000 பேர் இப்படி அனுப்பிய ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களின் நிலையை 2023-ல் வெளியான இந்தியப் பறவைகள் அறிக்கை மதிப்பிட்டது. பனங்காடை குறைந்து வருவது அதில் தெளிவாகத் தெரிந்தது.

தொழில்சார் தளங்களில் கதவு இறுக்கமாக இருக்கும். 2010-ல் அமெரிக்காவில் தொடங்கிய டாக்ஸிமிட்டியில், மருத்துவத் தொழிலில் இருப்பவர் என்று சரிபார்த்த பிறகுதான் அனுமதி. அந்நாட்டு மருத்துவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். மருந்து நிறுவனங்கள் அங்கே தாராளமாகச் செலவு செய்வதில் வியப்பில்லை. அவற்றுக்கு வேண்டிய ஆட்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள்.

நோயாளிகளுக்கான பேஷண்ட்ஸ்லைக்மீ கதை இதைவிடச் சிக்கலானது. நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு ஆளான ஸ்டீபன் ஹேவுட் என்பவருடைய சகோதரர்கள் 2004-ல் தொடங்கிய தளம் அது. நோயாளிகள் தங்கள் மருந்து, அளவு, உடல்நிலை மாற்றம் ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். லித்தியம் இந்த நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2008-ல் இத்தாலியில் ஒரு சிறிய ஆய்வு சொன்னதும், உறுப்பினர்கள் பலர் அதைச் சாப்பிடத் தொடங்கினர். அப்படிச் சாப்பிட்ட 149 பேரின் பதிவுகளைச் சாப்பிடாதவர்களுடைய பதிவுகளோடு ஒப்பிட்டதில் பலன் எதுவும் தெரியவில்லை. முடிவு 2011-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியானது. மருத்துவப் பரிசோதனைகளும் பின்னர் அதையே உறுதி செய்தன. இத்தனை அந்தரங்கமான தகவல்களை மருந்து நிறுவனங்களுக்கு விற்றுத்தான் தளம் நடந்தது. அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிச் செய்த வியாபாரம் என்றாலும், சீன நிறுவனம் ஒன்று அதில் பெரும் பங்கு வாங்கிய பிறகு அமெரிக்க அரசு தலையிட்டு வெளியேறச் சொன்னது. 2019-ல் யுனைடெட்ஹெல்த் என்ற மருத்துவக் காப்பீட்டுக் குழுமம் தளத்தை வாங்கிக்கொண்டது. தன் நோய்க் குறிப்புகள் ஒரு காப்பீட்டுக் குழுமத்தின் கைக்குப் போகும் என்று சேரும்போது எவரும் நினைத்திருக்க மாட்டார்.

பதிவு துல்லியமாக இருப்பதே ஆபத்தாகவும் முடியும். ஓட்டக்காரர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா, உறுப்பினர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் அதில் பளிச்சென்று ஒளிர்ந்ததை, 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் எடுத்துக்காட்டினார். உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட், அழியும் நிலையில் உள்ள இனங்களைப் பார்த்த இடத்தை வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் காட்டுகிறது. வேட்டைக்காரர்களும் இணையத்தில் இருக்கிறார்கள்.

தளம் கைமாறினாலோ மூடப்பட்டாலோ, ஆண்டுக்கணக்கில் எழுதிய பதிவுகள் என்னவாகும் என்பது மிஞ்சும் கேள்வி. பொதுச் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டதை அனுபவித்தவர்கள் இங்கேயும் உண்டு. வாசகர்களின் குட்ரீட்ஸை அமேசான் 2013-ல் வாங்கியபோது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் உறுப்பினர் தன் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி அங்கே இருக்கிறது. 2019-ல் வந்த ஸ்டோரிகிராஃப் அந்தக் கோப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. படித்த புத்தகங்களும் அவற்றுக்குக் கொடுத்த மதிப்பெண்களும் வந்து சேர்ந்துவிடும். நண்பர்கள் பட்டியல் அந்தக் கோப்பில் இருக்காது.