மலைக்குப் போகும் பிள்ளை யார் பொறுப்பில்?

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் வியா லிபெர்த்தா அடுக்குமாடிகளில் வீட்டுவேலை, முதியோர் பராமரிப்பு என்று உழைக்கும் ஈழத்தமிழர்களுக்கு மொன்தே பெல்லெக்ரினோ அந்நிய மலை அல்ல. போர் விரட்ட 1980களில் வந்து சேர்ந்தவர்கள், வேலையற்ற ஞாயிறுகளில் அந்த மலையேறி சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கத்தோலிக்கரும் சைவரும் சேர்ந்தே ஏறினார்கள். 1624இல் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது அந்தப் புனிதையின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட மலை அது. உயரம் 600 மீட்டருக்குச் சற்று மேல். கல் பாவிய பழைய ஏறுபாதையை நகரத்தார் ‘அக்கியானாத்தா’ என்கிறார்கள்.

அதே மலை 1995 முதல் இயற்கைக் காப்பகம். 1799இல் பூர்போன் அரசன் அடிவாரத்தில் அமைத்த ஃபவொரீத்தா பூங்காவும் அதற்குள் அடங்கும். பெற்றோர் நேர்த்திக்கடனுக்காக ஏறிய பாதையில் இன்று பிள்ளைகள் வேறு காரணத்துக்காக ஏறலாம்: குப்பை பொறுக்க, பாதையை மூடிய புதரை வெட்ட, மழைநீர் அரித்த படிக்கல்லைத் திருப்பி வைக்க. பள்ளி, சாரணர் குழு, பங்கு ஆலயம், சுற்றுச்சூழல் சங்கம் என்று எங்கிருந்தும் அழைப்பு வரும். பதினைந்து வயதில் மண்வெட்டி பிடித்து, தான் திருத்திய பாதையில் மற்றவர்கள் நடப்பதைப் பார்ப்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய வரம். போகவேண்டாம் என்று யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் கருவியைக் கையில் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இன்று இந்தப் பிள்ளை சட்டப்படி யாருடைய பொறுப்பில் நிற்கிறது?

இத்தாலியில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. பள்ளி வழி, சங்க வழி, வேலை வழி. மூன்றுக்கும் சட்டம் வேறு, காப்புறுதி வேறு, விபத்து நடந்தால் தட்டவேண்டிய கதவும் வேறு. எந்த வழி என்று தெரியாமலே மலையேறுவதுதான் உண்மையான ஆபத்து.

முதலில் பள்ளி. உயர்நிலைப் பள்ளியின் கடைசி மூன்று ஆண்டுகளில் மாணவர்கள் வெளியே சென்று வேலை அனுபவம் பெறவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் 107ஆம் சட்டம் விதித்தது. பெற்றோருக்கு இது ‘அல்தெர்னான்சா’ என்றோ ‘பி.சி.டி.ஓ.’ என்றோ அறிமுகமாகியிருக்கும். பொதுக்கல்விப் பள்ளியில் குறைந்தது 90 மணி நேரம், தொழில்நுட்பப் பள்ளியில் 150, தொழிற்பள்ளியில் 210. காப்பகத்தில் செய்யும் பாதை வேலையும் இந்தக் கணக்கில் வரலாம். அப்போது பள்ளிக்கும் பிள்ளையை ஏற்கும் அமைப்புக்கும் இடையே எழுத்துமூல ஒப்பந்தம் இருக்கவேண்டும். பிள்ளை ‘இனாயில்’ என்ற அரசு விபத்துக் காப்புறுதிக்குள் வரும்.

இந்தப் பாதுகாப்புக்கு நாடு கொடுத்த விலை பெரிது. 2022 என்ற ஒரே ஆண்டில், பள்ளியோ தொழிற்பயிற்சி நிலையமோ அனுப்பிய இடங்களில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஜனவரியில் ஊதினே அருகே 18 வயதுப் பையன் மேல் இரும்பு விட்டம் விழுந்தது. அன்று அவன் பயிற்சியின் கடைசி நாள். பிப்ரவரியில் மார்க்கே மாநிலத்தில் 16 வயதுப் பையன் தான் பயணித்த வேலை வண்டி மோதி இறந்தான். செப்டம்பரில் வெனிஸ் மாவட்டத் தொழிற்சாலை ஒன்றில் 18 வயது மாணவன் நசுங்கினான். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2023ஆம் ஆண்டின் 48ஆம் அவசரச் சட்டம் வந்தது. இறந்த மாணவரின் குடும்பங்களுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. மாணவருக்கான இனாயில் காப்பு விரிந்தது. மாணவரை ஏற்கும் நிறுவனம் தன் ஆபத்து மதிப்பீட்டு ஆவணத்தில் அவர்களுக்கென்று தனிப் பகுதி எழுதவேண்டும் என்றானது. அந்தப் பகுதியைக் காட்டுங்கள் என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

இரண்டாவது, சங்கத்தின் வழி. மலைப்பாதை வேலையில் இதுவே அதிகம். மொன்தே பெல்லெக்ரினோ காப்பகத்தைப் பராமரிப்பதே ‘ரேஞ்சர்ஸ் தித்தாலியா’ என்ற சங்கம்தான். நாடு முழுவதும் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டி மலைப்பாதைகளைக் காப்பவர்களில் முதன்மையானவர்கள் இத்தாலிய மலையேறுவோர் கழகத்தின் தொண்டர்கள். தொண்டர்களுக்கான சட்டம் 2017ஆம் ஆண்டின் 117ஆம் ஆணை. அதன் 17ஆம் பிரிவு, எப்போதாவது வந்துபோகாமல் தொடர்ந்து உழைக்கும் தொண்டரின் பெயரைச் சங்கம் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்கிறது. 18ஆம் பிரிவு, விபத்து, நோய், பிறருக்கு ஏற்படும் சேதம் ஆகிய மூன்றுக்கும் தொண்டரைக் காப்புறுதி செய்யவேண்டும் என்கிறது. சங்கத்தில் சாதாரணத் தொண்டராக இருக்கும் பிள்ளையை இனாயில் காக்காது. சங்கம் எடுத்த தனியார் காப்புறுதிதான் ஒரே குடை. அதனால் காப்புறுதிப் பத்திரத்தின் எண், அது முடியும் தேதி, அதில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அடக்கமா என்ற மூன்றையும் முதல் நாளே எழுதி வாங்கவேண்டும்.

தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. கைக்காசு போட்டுச் செலவழித்ததைத் திருப்பித் தரலாம், அவ்வளவே. “பிள்ளைக்கு நாளொன்றுக்கு இருபது முப்பது தருகிறோம், கையெழுத்தெல்லாம் வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் அது தொண்டு அல்ல, மறைத்துச் செய்விக்கும் வேலை.

வேலைதான் மூன்றாவது வழி. 1967ஆம் ஆண்டின் 977ஆம் சட்டமும் அதன் திருத்தங்களும் சிறுவர் வேலையை நெறிப்படுத்துகின்றன. 10 ஆண்டுப் பள்ளிக் கல்வி முடித்து 16 வயது ஆகியிருக்கவேண்டும். 15 வயதில் தொடங்கக்கூடிய பயிற்சி ஒப்பந்தம் தனி. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி என்பது உச்சம். நாலரை மணி நேரம் தொடர்ந்து உழைத்தால் இடைவேளை கட்டாயம். இரவு வேலை கூடாது. தீங்கான வேலைகளுக்குத் தனிப் பட்டியலே உண்டு. ஒப்பந்தம் போட்டாலும் அந்த வேலைகளைச் சிறுவருக்குச் சாதாரணமாகத் தரமுடியாது. ஒப்பந்தமே இல்லாமல் உழைத்த பிள்ளைக்கும் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. செய்த வேலைக்குக் கூலி கேட்கலாம், சிவில் சட்டத்தின் 2126ஆம் பிரிவு அதைத் தருகிறது. காயப்பட்டால், முதலாளி ஒரு சதமும் கட்டாமல் இருந்தாலும் இனாயில் இழப்பீடு தரும்.

இனி கையெழுத்து விஷயம். எந்தக் குழுவும் பெற்றோரிடம் ஒரு தாள் நீட்டும். அதை வீட்டில் யார் வாசிக்கிறார்கள்? பல தமிழ் வீடுகளில், மலைக்குப் போகத் துடிக்கும் அதே பிள்ளைதான் தாய்க்கு அதை மொழிபெயர்க்கிறது. “சும்மா பேர் போடச் சொல்கிறார்கள் அம்மா” என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. அந்தத் தாளுக்குள் ‘லிபெரத்தோரியா’ என்று ஒரு வரி இருக்கக்கூடும்: எந்த விபத்துக்கும் அமைப்பு பொறுப்பல்ல என்று. பிறகு பிள்ளை கால் முறிந்து வந்தால், நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று பெற்றோர் வாய் மூடிவிடுகிறார்கள்.

மூடத் தேவையில்லை. பெருங்கவனக்குறைவுக்கான பொறுப்பை முன்கூட்டியே கழற்றிவிடும் வாசகம் செல்லாது என்று சிவில் சட்டத்தின் 1229ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு சிறுவரின் உடலைக் காக்கும் கடமை ஒரு தாளால் நீங்கிவிடாது. தம் கண்காணிப்பில் உள்ள பிள்ளைகள் பிறருக்கு விளைவிக்கும் தீங்குக்கு ஆசிரியர்கள் பொறுப்பு, தடுக்க முடியாதது என்று நிரூபிக்கும் கடமையும் அவர்களுடையதே என்கிறது 2048ஆம் பிரிவு. மொழி புரியாத தாய் தந்தையர், கலாசார இடையாளர் ஒருவரை வரவழைக்கும்படி பள்ளியைக் கேட்கலாம். தாளைப் பிள்ளையைத் தவிர வேறொருவர் வாசித்துச் சொல்லட்டும்.

மலையும் தன் பங்குக்கு ஆபத்துகளை வைத்திருக்கிறது. வெயிலே முதல் பகை. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியின் சிரக்கூசா அருகே 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாவில் இதுவரை உறுதிசெய்யப்பட்ட உச்சம் அது. கடும் வெப்ப நாட்களில் நண்பகல் 12.30 முதல் மாலை 4 வரை வயலிலும் கட்டட வேலையிலும் வெயிலில் உழைக்கக் கூடாது என்று 2024 கோடையில் சிசிலி அரசு உத்தரவிட்டது. வளர்ந்த தொழிலாளிக்கே அந்தத் தடை என்றால், பதினாறு வயதுத் தொண்டனை அந்த நேரத்தில் பாறையில் நிறுத்தும் தலைவருக்கு என்ன சாக்கு இருக்கமுடியும்?

அடுத்தது தீ. 2023 ஜூலையில் பலெர்மோவைச் சுற்றிய குன்றுகள் எரிந்தபோது விமான நிலையத்தையே மூடவேண்டியிருந்தது. அப்படிக் கருகிய சரிவைப் பார்த்ததும் இளையோருக்குக் கன்று நடவேண்டும் என்ற வேகம் வரும். நல்ல வேகம்தான், ஆனால் சட்டம் கொஞ்சம் பொறு என்கிறது. 2000ஆம் ஆண்டின் 353ஆம் சட்டப்படி, எரிந்த காட்டில் அரசுப் பணத்தில் மரம் நட 5 ஆண்டுகளுக்குத் தடை. தனி அனுமதி இருந்தால் மட்டும் விலக்கு. தீ வைத்து லாபம் தேடுபவருக்கு வழியை அடைப்பதே நோக்கம். எரிந்த இடத்தில் 10 ஆண்டு மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் தடை, 15 ஆண்டு நிலப் பயன்பாட்டை மாற்றவும் தடை. பதின்ம வயதுக் குழுவை எரியும் சரிவின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. புகை தெரிந்தால் இறங்கி வந்து வனக்காவலின் 1515க்கோ பொது அவசர எண்ணான 112க்கோ அழைப்பதே குழுவின் கடமை. இத்தாலியின் மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் வனக்காவல் 2017இல் கராபினியேரி காவல் படையோடு இணைந்தது. தன்னாட்சி உள்ள சிசிலியில் வனத்துறைக் காவலர்கள் இன்றும் தனிப் படையாக இருக்கிறார்கள்.

தீக்குத் தோள்கொடுக்கும் புல் ஒன்றும் அங்கே உண்டு. பென்னிசேத்தும் என்ற ஆப்பிரிக்கப் புல், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு பலெர்மோச் சரிவுகளில் பரவிவிட்டது. எளிதில் எரியும், எரிந்தபின் முதலில் தளிர்ப்பதும் அதுவே. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதைத் தீங்கான அந்நிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது; பட்டியலில் உள்ளதை இடம் மாற்றிக் கொண்டுபோவதற்கே தடை உண்டு. பிள்ளைகள் பிடுங்கிய கட்டைத் தோளில் சுமந்து ஊருக்குள் நடந்தால், வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போவார்கள். எதைப் பிடுங்குவது, எந்தப் பையில் கட்டுவது, எங்கே ஒப்படைப்பது என்று காப்பக நிர்வாகம் சொன்னபிறகே கை வைக்கவேண்டும். எந்தச் செடியையும் வெட்ட, எந்தப் பாதையையும் திருப்ப, காப்பகத்துக்குள் அனுமதி வேண்டும்.

சிறு உயிர்களையும் மறக்கக் கூடாது. பைன் மரங்களில் வெள்ளைப் பஞ்சுபோலக் கூடு கட்டும் மயிர்க்கொட்டியின் உரோமம் தோலையும் கண்ணையும் எரிக்கும். கூட்டைக் கோலால் தட்டும் விளையாட்டு மருத்துவமனையில் முடியும். நாய்களில் வாழும் உண்ணி கடித்து வரும் ‘பொத்தொனோசா’ காய்ச்சல் சிசிலியில் வழக்கமான நோய். மலையிலிருந்து வந்து சில நாட்களில் காய்ச்சலும் சிவந்த தடிப்பும், கடித்த இடத்தில் கறுத்த பொருக்கும் தெரிந்தால், “பிள்ளை காட்டுப்பாதையில் வேலை செய்தது” என்று மருத்துவரிடம் சொல்லவேண்டும். அந்த ஒரு வரி நோயை விரைவில் அடையாளம் காட்டும். உரிய மருந்து உண்டு, நன்றாகக் கேட்கும்.

குழுவை நடத்துகிறவர் நம்மவராகவும் இருக்கலாம். ஊர்ச் சங்கத்து அண்ணா, தமிழ்ப் பள்ளி அக்கா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞர். அவர்கள் அறியவேண்டியது: ஒற்றைப் பெரியவர் போதாது. ஒருவர் காயப்பட்ட பிள்ளையோடு இருக்க, மற்றவர் மீதிப்பேரை இறக்கவேண்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் தனியே ஒதுங்காமல் பார்த்துக்கொள்வதற்கும் அதுவே வழி. சிறுவரோடு தொடர்ந்து பழகும் பணிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் குற்றப்பதிவுச் சான்றிதழ் வாங்குவது 2014 முதல் கட்டாயம். சம்பளமில்லாத தொண்டருக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. இருந்தாலும் கேட்டு வாங்கும் சங்கம்தான் நல்ல சங்கம்.

கருவிகளில் கத்தரி, மண்வெட்டி, கைவாள், சிறு அலவாங்கு போதும். மோட்டார் வாளும் புல்வெட்டும் இயந்திரமும் பெரியவர் கையில் மட்டும். அமெரிக்காவில் 15 முதல் 18 வயதினரை அரசே கோடைகாலப் பாதை வேலைக்கு எடுக்கும் இளையோர் பாதுகாப்புப் படை 1970இலிருந்து இருக்கிறது. அந்த நாட்டின் தொழிற்சட்டம் 18 வயதுக்குக் கீழே மோட்டார் வாளைத் தொடவே விடுவதில்லை. கருவியோடு நீட்டிய கை சுழலும் வட்டத்துக்குள் இன்னொருவர் வரக்கூடாது என்பதை முதல் அரை மணியிலேயே செய்துகாட்டிப் பழக்கவேண்டும். மேல்சரிவில் ஒருவர் கல் புரட்டும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. இந்த மலையில் கல் உருண்டதால் வாகனச் சாலையையே மூடியிருக்கிறார்கள். மூடிய சப்பாத்து, முழுக்காற்சட்டை, கையுறை, கண்ணாடி, ஒவ்வொருவருக்கும் தண்ணீர். ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் யாருக்கு என்ற பட்டியல் தலைவரின் சட்டைப்பையில். கைபேசியில் ‘வேர் ஆர் யூ’ செயலி. அதன் வழியே 112க்கு அழைத்தால், அழைப்பவர் நிற்கும் இடத்தையும் அது அனுப்பும்.

பயந்து நிற்கும் பிள்ளையை “இது கூடவா முடியாது” என்று கேலி செய்து பாறையில் ஏற்றும் தலைவரிடம் எந்தப் பெற்றோரும் பிள்ளையை விடவேண்டாம். முடியாது என்று சொல்வது தொண்டரின் உரிமை. தகாத தொடுகையோ மிரட்டலோ நடந்தால் 114 என்ற சிறுவர் அவசர எண்ணைப் பிள்ளையே அழைக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால் முதல் மணி நேரமே பல விஷயங்களைத் தீர்மானிக்கும். அவசரப் பிரிவில் “விளையாடும்போது விழுந்தான்” என்று சொல்லவைக்க யாராவது முயன்றால் பணியவேண்டாம். எங்கே, யார் தலைமையில், என்ன வேலை செய்யும்போது என்று உள்ளபடி பதியவேண்டும். விசா இல்லாத குடும்பமும் அஞ்சத் தேவையில்லை. வெளிநாட்டவர் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி, சிகிச்சைக்கு வந்தவரை விசா இல்லை என்பதற்காக மருத்துவமனை பொலிசுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் குணமாகாத காயமென்று மருத்துவர் சான்று தந்தால், அது கிடைத்த இரண்டு நாளுக்குள் பள்ளியோ முதலாளியோ இனாயிலுக்கு அறிவிக்கவேண்டும். அவர்கள் அறிவிக்காவிட்டால் பெற்றோர் நேரே போகலாம். தொழிற்சங்கங்களின் ‘பத்ரொனாத்தோ’ அலுவலகங்கள் விண்ணப்பத்துக்கு உதவும். இனாயில் உரிமைக்கு மூன்று ஆண்டும், சேதத்துக்கான பொது வழக்குக்கு ஐந்து ஆண்டும் காலவரம்பு. கவனக்குறைவுக்குக் குற்றப் புகார் கொடுப்பதாக இருந்தால் மூன்றே மாதம். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அரசே வழக்கறிஞர் செலவை ஏற்கும்.

இந்த மலைவேலை பிடித்துப்போன பிள்ளைக்கு 18 வயதில் இன்னொரு வழியும் உண்டு. 28 வயது வரைக்குமான ‘செர்வீசியோ சிவிலே’ என்ற குடிமைச் சேவைத் திட்டத்தில் சுற்றுச்சூழல் பணிகளும் அடக்கம்; மாதம் 500 யூரோவுக்குச் சற்று மேல் உதவித்தொகையும் காப்புறுதியும் கிடைக்கும். இத்தாலியக் குடியுரிமை இருந்தால்தான் சேரலாம் என்ற விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் நீக்கிவிட்டது. சட்டப்படி வசிப்பதற்கான அனுமதியான ‘பெர்மெஸ்ஸோ’ கையில் உள்ள தமிழ் இளைஞரும் இளைஞியும் விண்ணப்பிக்கலாம்.