மிச்சப் பணத்தில் அம்மா படிக்கட்டும்

மே மாதக் கடைசியில் எர்ணாகுளம் பிராட்வேயில் நடக்க இடமிருக்காது. ஜூன் பிறந்தால் பள்ளியும் திறக்கும், மழையும் தொடங்கும். புத்தகப் பை, குடை, நோட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்குமே என்று காயலுக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரியிலிருந்தும் படகேறி வருகிறார்கள். அம்மாக்கள் பிள்ளையின் முதுகில் பையை மாட்டிப் பார்த்துப் பேரம் பேசுகிறார்கள். தனக்கென்று ஒரு நோட்டு கேட்கிற அம்மாவைத்தான் காணோம்.

பிராட்வேக்கு மேற்கே காயலோரம் போகும் சாலையின் பெயர் ஷண்முகம் ரோடு. 1935 முதல் 1941 வரை கொச்சி திவானாக இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயர் அது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகி, 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டை வாசித்தவரும் அவரே. இந்தப் பகுதியில் கடை வைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டு பட்ஜெட்டில் முதல் வரி எப்போதும் பிள்ளைகளின் படிப்புதான். அதற்காகச் சிட்டி என்று இங்கே சொல்லப்படும் சீட்டு கட்டுவார்கள். கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. 1969இல் தொடங்கியதிலிருந்து இங்கே அது நம்பிக்கையான வழி. அஞ்சலகத்தில் மகள் பெயரில் கணக்கு, மகன் பெயரில் பி.பி.எஃப்., முடிந்தபோதெல்லாம் ஒரு பவுன். பிள்ளை படித்து முடிக்கிற நாளில் சில வீடுகளில் கடன் நிற்கும். சில வீடுகளில் கொஞ்சம் மிஞ்சும்.

மிஞ்சுவதற்குக் காரணங்கள் பல. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு என்று சேர்த்திருப்பார்கள். பிள்ளை அரசுக் கல்லூரியில் இடம் பிடித்துவிடும். பொறியியல் என்று நினைத்திருப்பார்கள், மகள் பி.காம். போதும் என்பாள். உதவித்தொகை வந்திருக்கும். அந்த மிச்சம் வழக்கமாகப் போகிற இடம் நகைக்கடை, இல்லையென்றால் மாடிக்கு இன்னொரு அறை. படிப்புக்கென்று எடுத்து வைத்ததைப் படிப்புக்கே செலவிடலாமே, இந்த முறை சேர்த்தவரின் படிப்புக்கு என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

பணம் யாருடையது?

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்று அறியப்படும் சுகன்யா சம்ருத்தி 2015 ஜனவரியில் வந்தது. பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். பதினைந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டுகளில் முதிரும். மேற்படிப்புக்கு என்றால் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம்.

இப்போது 2015இல் ஒன்பது வயதாக இருந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் பாதியை எடுத்தாலும் மீதிப் பாதி கணக்கிலேயே இருக்கும். திருமணத்துக்காக முன்கூட்டியே முடிக்காவிட்டால் அது முதிர்வது 2036இல், அவளுக்கு முப்பது வயதில். படிப்புக்கென்று தொடங்கிய கணக்கு, படிப்பு முடிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுதாகக் கைக்கு வருகிறது. பதினெட்டு வயது முதல் அந்தக் கணக்கு அவள் பொறுப்பு, பணமும் அவளுடையது. ஆகவே அம்மாவோ அப்பாவோ அதில் படிக்க ஆசைப்பட்டால் மகளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெற்றவர்கள் தங்கள் பெயரில் கட்டிய சிட்டியோ பி.பி.எஃப்.போ என்றால் அந்தத் தயக்கம் வேண்டாம்.

பெற்றோர் படிப்பது வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் மிஞ்சினால், பயனாளியின் பெயரை மாற்றி அப்பாவோ அம்மாவோ தகுதியுள்ள கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம். சிங்கப்பூரில் நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு 2024 மே முதல் அரசே பயிற்சிச் செலவுக்கென்று 4,000 வெள்ளி தருகிறது. நம்மூர் வருமானவரிச் சட்டமோ பெற்றோர் படிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. பழைய வரி முறையில் இரண்டு பிள்ளைகள் வரை கல்விக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு. சொந்தப் படிப்பின் கட்டணத்துக்குக் கிடையாது. கடன் வாங்கி உயர்கல்வி படித்தால் மட்டும் வட்டிக்குக் கழிவு!

ஏணி இங்கேயே இருக்கிறது

கொச்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. முதியவர் படிப்பதை வேடிக்கையாகப் பார்க்காத ஊர் இது. நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளத்தை 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி. சிங் அறிவித்தார். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கற்பித்ததன் பலன் அது. வயதானவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாததும் ஒரு தடையாக இருந்ததால், கண் முகாம் நடத்திக் கண்ணாடியும் கொடுத்தார்கள்.

அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாக இயங்கும் மாநில எழுத்தறிவு இயக்கம், நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்று படிப்படியாகச் சமநிலைத் தேர்வுகள் நடத்துகிறது. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். கொல்லத்துப் பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புச் சமநிலையில் தேறினார். இருவருக்கும் 2020இல் நாரி சக்தி விருது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் நடிகர் இந்திரன்ஸ். நேராகப் பத்தாம் வகுப்பு எழுத வந்தவரிடம் முதலில் ஏழாவது தேற வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள். அவரும் அப்படியே எழுதி 2024இல் தேறினார். தேசிய விருது மேடையில் சிறப்புக் குறிப்பு பெற்ற நடிகருக்கும் விதி ஒன்றுதான்.

இதே இயக்கம் ‘பச்ச மலையாளம்’ என்று ஒரு சான்றிதழ் வகுப்பும் நடத்துகிறது. பிராட்வேயில் முப்பது வருடமாக மலையாளத்தில் பேரம் பேசி, மலையாளப் பத்திரிகையை மட்டும் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிற தமிழர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு ஏது? இங்கேயே பிறந்து வளர்ந்து தமிழ் எழுத்து தெரியாமல் போன அடுத்த தலைமுறைக்கு, 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வீட்டிலிருந்தே கற்பிக்கிறது. பட்டம்தான் வேண்டும் என்றால் இக்னோ இருக்கிறது. கொல்லத்தில் 2020இல் தொடங்கிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பரீட்சையே வேண்டாம், பாடம் கேட்டால் போதும் என்பவர்களுக்கு ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆகும் செலவு, மகளின் ஒரு செமஸ்டர் கட்டணத்தைவிடக் குறைவு. மிச்சப் பணம் முழுவதையும் கரைக்க வேண்டியதில்லை.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, முதுமைக்கான பணமும் மருத்துவக் காப்பீடும் முதலில். அதற்கு மேல் இருப்பதுதான் மிச்சம்.

இரண்டு, எந்த இடத்தில் உட்காருகிறோம் என்பது. ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 2020இல் 64 வயதில் நீட் தேறி எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் நீட் தேறி 2022 ஜனவரியில் கலந்தாய்வுக்கு வந்தார். மகன் சொன்னதைக் கேட்டு, இளையவர் யாராவது சேரட்டும் என்று விட்டுக்கொடுத்தார். இரண்டு முடிவுகளுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஆசைக்காகப் படிக்கிறவர்களுக்குத் திறந்தநிலைக் கல்வி நிம்மதியானது. அங்கே ஒருவர் சேர்ந்தால் இன்னொருவர் வெளியே நிற்பதில்லை.

மூன்று, படிப்பை வேலைக்கான முதலீடாகக் கணக்குப் போட்டால் ஐம்பது வயதில் நஷ்டமே தெரியும். வரலாறு பிடிக்குமா, வரலாறு படியுங்கள். பிரெஞ்சு நகரமான துலூஸில் 1973இல் முதியோருக்கென்று ஒரு பல்கலைக்கழகமே தொடங்கினார்கள். அங்கே வந்தவர்கள் யாரும் வேலை தேடி வரவில்லை.

பணத்தைவிடப் பெரிய முட்டுக்கட்டை நேரம். சமையல், கடை, பேரக்குழந்தை என்று நாள் போய்விடும். அம்மா புத்தகத்தோடு உட்கார்ந்தால் “இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?” என்று கேட்கிற பிள்ளைகள், தாங்கள் பிளஸ் டூ படித்த வருடம் வீட்டில் டிவியே ஓடாததை மறந்திருப்பார்கள். அம்மாவுக்காகவும் வாரத்தில் இரண்டு சாயங்காலம் அதை அணைத்து வைக்கட்டும். அந்த நேரத்துக்கு இரவுச் சாப்பாட்டையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். எந்த அஞ்சலகக் கணக்கிலிருந்தும் எடுக்க முடியாத தொகை அது. பிள்ளைகள்தான் கொடுக்க வேண்டும்.