அந்த நாளைக் கணக்கிட்டவர்கள்

பிழைப்பை நாடிப் பிற மொழி வழங்கும் நாட்டிற்குச் செல்வது தமிழருக்குப் புதிதன்று. பாலக்காட்டில் குடியேறிய தமிழ் அந்தணர் குடும்பமொன்றில் 1835ஆம் ஆண்டு இராமய்யன் என்னும் குழந்தை பிறந்தது. அக்குடும்பம் பின்னர் தெற்கே கருநாகப்பள்ளிப் பக்கம் வந்து தங்கிற்று. சமஸ்கிருதத்திலும் சங்கீதத்திலும் தேர்ச்சி பெற்ற இராமய்யன், 1861ஆம் ஆண்டு மாவேலிக்கரையில் குடும்பத்தாருடன் ஞானஸ்நானம் பெற்று யுஸ்தூஸ் யோசேப்பு ஆனார். ஊரார் அவரை வித்வான் குட்டி என்று அழைத்தனர். சி.எம்.எஸ். சங்கத்தின் சபையில் குருவாகப் பணியாற்றிய அவர், கர்நாடக இராகங்களில் மலையாளக் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றினார்.

இத்தகைய கல்விமான்தான் 1875ஆம் ஆண்டையொட்டி ஒரு செய்தியை உலகுக்கு அறிவித்தார். இன்னும் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளில், அதாவது 1881இல், கர்த்தர் மீண்டும் வருவார். இவ்வுலகம் முடிவுறும் என்பதே அது. அந்த எண்ணைக் கொண்டே அவருடைய கூட்டத்தாருக்கு ‘அஞ்சரை வேதக்காரர்’ என்ற பட்டப்பெயர் வழங்கலாயிற்று. திருச்சபை அவருடைய போதனையை ஏற்கவில்லை. அவர் தனிச்சபை கண்டார்.

படித்தவர், பண்பாளர், பலராலும் மதிக்கப்பட்டவர். இவர் எவ்வாறு ஒரு தேதிக்குத் தம்மை ஒப்புவித்தார்? இதை எண்ணிப் பார்க்குமுன் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும்.

கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டுகள் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு உலக முடிவு தூரத்துச் செய்தி. இங்கே ஐதராபாத்தில் நம் அண்டை வீட்டு இஸ்லாமியப் பெரியவர் ‘கியாமத்’ நாளைப் பற்றிப் பேசுவார். ஆனால் அதன் வேளையை இறைவன் ஒருவனே அறிவான் என்று முடித்துவிடுவார். கிறிஸ்தவ வேதத்திலும் அந்நாளையும் நாழிகையையும் எவரும் அறியார் என்று இயேசுநாதரே சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். ஆயினும் அதே வேதத்தில் தானியேலின் தரிசனங்களும் வெளிப்படுத்தின விசேஷமும் உள்ளன. அவற்றில் நாள்களும் எண்களும் மலிந்து கிடக்கின்றன. எண்ணைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க மனிதனால் முடிவதில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதை நன்கு அறிவோம்.

முதல் நூற்றாண்டிலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிட்டது. தெசலோனிக்கே நகரத்துச் சபையில் கர்த்தரின் நாள் வந்துவிட்டது என்ற கலக்கம் எழுந்தது. வேலை செய்யாமல் திரிந்தவர்களும் அச்சபையில் இருந்தார்கள். வேலை செய்ய மனமில்லாதவனுக்குச் சோறும் இல்லை என்ற கருத்தில் அச்சபைக்குக் கண்டிப்பாக எழுத வேண்டியதாயிற்று. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் என்னும் மேதை, வெளிப்படுத்தின விசேஷத்திலுள்ள ஆயிர வருட அரசாட்சியை எண்ணிக்கையாகக் கொள்ளலாகாது, திருச்சபையின் காலத்தையே அது குறிப்பால் உணர்த்துகிறது என்று விளக்கினார். மேலைத் திருச்சபை நெடுங்காலம் இவ்வழியே நின்றது. கணக்குப் பார்ப்போர் மட்டும் மறைந்தபாடில்லை.

ஜெர்மனியில் மைக்கேல் ஸ்டீபல் என்றொரு போதகர் இருந்தார். மார்ட்டின் லூதரின் நண்பர். எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து வேதத்தைக் கூட்டிக் கழித்து, 1533 அக்டோபர் 19ஆம் நாள் காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று கண்டுபிடித்தார். நாளோடு நில்லாமல் மணியும் குறித்தார்! இரயில் அட்டவணையில்கூட நாம் இவ்வளவு நம்பிக்கை வைப்பதில்லை. அவருடைய ஊர்க் குடியானவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். எட்டு மணியும் கடந்தது. ஸ்டீபலைக் காவலில் வைத்தார்கள். லூதர் பரிந்து பேசி அவரை விடுவித்தார். அதன் பின் ஸ்டீபல் தம் எண்ணறிவை நேர்வழியில் செலுத்தி, 1544இல் கணித நூலொன்றை வெளியிட்டார். கணித வரலாற்றில் அது இன்றும் மதிக்கப்படுகிறது.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் விவசாயி, தானியேல் கண்ட 2,300 நாள்களை ஆண்டுகளாக்கி, கி.மு. 457 முதல் எண்ணி, 1843ஆம் ஆண்டையொட்டி முடிவு வரும் என்றார். கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் நடுவே பூஜ்ஜிய ஆண்டு கிடையாது என்பது பின்னர் நினைவுக்கு வர, கணக்கு ஓராண்டு தள்ளிப்போயிற்று. முடிவில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். பல்லாயிரவர் நம்பினர். மறுநாட் காலையில் கதிரவன் வழக்கம்போல் எழுந்தான். அந்நாளை வரலாற்றாசிரியர்கள் ‘பெரும் ஏமாற்றம்’ என்றே குறிக்கின்றனர். நம்பிக்கையால் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்ட ஒருவருடைய கிழங்கு மட்டும், அயலார் தோண்டியது அழுகிப்போனபடியால், பின்னர் நல்ல விலைக்கு விற்றதென்று அட்வெந்து சபையார் ஒரு கதை சொல்வதுண்டு. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இனித் திருவிதாங்கூருக்குத் திரும்புவோம். வித்வான் குட்டியின் கூட்டம் வெறுங்காற்றில் முளைத்ததன்று. திருவில்லிப்புத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை 1840இல் அமைத்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்னும் தமிழர். ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். எந்த வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளமுமின்றி ஊழியம் செய்தவர். 1860இல் அவருடைய சபைகளில் ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் அழுது பாவத்தை அறிக்கையிட்டனர், தீர்க்கதரிசனம் உரைத்தனர். 1867இல் அருளப்பன் மறைந்தார். அந்த அனல் மலையைக் கடந்து 1873 முதல் மலையாளச் சபைகளிலும் பற்றிக்கொண்டது. அச்சூட்டில்தான் ஐந்தரை ஆண்டுக் கணக்கும் பிறந்தது.

அவர்கள் காத்திருந்த காலத்தையும் பார்க்கவேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் அலைக்கழித்தது. இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். பஞ்சங்களும் கொள்ளைநோய்களும் முடிவின் அடையாளங்கள் என்று வேதத்தில் வாசித்தவர்களுக்கு, வேறு அத்தாட்சி வேண்டியிருந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர்களை மூடர் என்று தள்ளிவிட நம் மனம் ஒப்பவில்லை.

1881 வந்தது, போயிற்று. பலர் தலைகுனிந்து பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சிய சிலர் புதிய யுகம் பிறந்துவிட்டதென்று கொண்டு, யுயோமயம் என்ற பெயரில் வித்வான் குட்டியுடன் நின்றனர். கணக்குப் பொய்த்தபின் விளக்கத்தை மாற்றிக்கொள்வது உலகெங்கும் கண்ட வழக்கமே. 1844க்குப் பின் அட்வெந்து சபையாரில் ஒரு சாரார், அந்நாளில் நிகழ்ந்தது பூமியிலன்று, விண்ணகத்து ஆலயத்தில் என்று கொண்டார்கள். வித்வான் குட்டி 1887இல் காலமானார்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2023ஆம் ஆண்டில் கென்யா நாட்டின் ஷகஹோலாக் காட்டில் நானூறுக்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. உலகம் முடியுமுன் பட்டினி கிடந்து இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையே காரணமென்பது வழக்கு. இறந்தவர்களுள் குழந்தைகள் ஏராளம். ஒருவர் தேதி குறித்து விதையாமல் இருந்தால் அவ்வாண்டு விளைச்சல்தான் போகும். தம் பிள்ளையின் சோற்றை நிறுத்தினால் போவது திரும்பாது. இப்போதெல்லாம் இத்தகைய செய்திகள் கைப்பேசியிலேயே வந்து சேர்கின்றன. ஊரை விட்டு வந்து, உற்றாரின் ஆலோசனைக்கு எட்டாத தொலைவில் வாழும் நம் குடும்பங்களில், சேமிப்பைக் கரைத்துக் கொடுக்குமாறோ வேலையை விடுமாறோ எவரேனும் நாள் குறித்துக் கேட்டால், அது எச்சமயத்தின் பெயரால் வந்தாலும், வீட்டிலுள்ள பெண்களையும் ஊரிலுள்ள பெரியவர்களையும் கலந்து பேசியபின் விடை சொல்வது நலம்.

இதே நம்பிக்கை வேறு விதமாகவும் மனிதரை இயக்கியிருக்கிறது. எல்லா இனத்தாருக்கும் நற்செய்தி எட்டிய பின்பே முடிவு வரும் என்ற வாக்கியம், தேதி பார்ப்போரைவிட மிகுதியாக ஊழியர்களையே எழுப்பியது. திருநெல்வேலியார் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினர். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, அச்சங்கத்தின் சார்பில் அந்நாளைய நிஜாம் இராச்சியத்துத் தோர்ணக்கல்லுக்கு வந்து, தெலுங்கு கற்று, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டை வழியாக விஜயவாடா செல்லும் வண்டியில் போகும் நம்மவர், தோர்ணக்கல் சந்திப்பில் இறங்கினால் அவர் எழுப்பிய பேராலயத்தைக் காணலாம். கோயில் தூண்களின் சாயலும் மசூதிக் குவிமாடங்களின் சாயலும் ஒருங்கே கலந்த கட்டடம் அது. 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முடிவை எதிர்நோக்கிய ஒரு தமிழர் இத்தனை உறுதியாக அடித்தளமிட்டுக் கட்டினார் என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

வித்வான் குட்டியின் கீர்த்தனைகள் இன்றும் மலையாளக் கிறிஸ்தவச் சபைகளில் பாடப்படுகின்றன. அவற்றுள் கர்த்தரைக் காணும் ஏக்கத்தைச் சொல்வனவும் உண்டு. அவருடைய தேதியை அன்று மறுத்த சபைகளின் பாட்டுப் புத்தகங்களிலும் அவை இடம்பெற்றுள்ளன.