ஓட்டமும் நிறுத்தமும்

1959 முதல் 1967 வரை உற்பத்தியான ஜாகுவார் மார்க் 2 கார்களுள் 3.8 லீற்றர் வகை 220 குதிரை வலுவுடையது. இத்தகைய முதிர்ந்த காரை வாங்க விழையும் நண்பர்கள் அதன் வேகத்தில் மட்டும் மயங்குதல் கூடாது. றக்வானவிலிருந்து புலுத்தோட்டைக் கணவாய்க்கு ஏறுகையில் யந்திரத்தின் வலிமை சோதிக்கப்படும். இறங்குகையிலோ பிறேக்கின் வலிமை சோதிக்கப்படும்.

பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 வகையின் கொதிநிலை, புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு. ஈரமேறியபின் 155 பாகையளவுக்கும் தாழலாம். நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேற, எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்குமாதலின், மிதி அடிவரை சென்றும் கார் நில்லாது.

ஆகவே, வாங்கியவுடனும் பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அவ்வெண்ணெயை மாற்றுக. இறப்பர்க் குழாய்களைப் பரிசோதிக்க. தாழ்ந்த கியரிலேயே இறங்குக. மெருகுக்கென ஒதுக்கிய பணத்தை முதலிற் பிறேக்குக்குச் செலவிடுதலே அறிவுடைமை.